ஒளிச் சில்லைப் பற்றிச் செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் அறிவியல் பக்கம் நடத்துகிற, காணொளி போடுகிற நண்பர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் போன் பண்ணினான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிறவன். "மாமா, வி.எல்.எஸ்.ஐ., அதான் சிப் வடிவமைப்பு, எடுக்கலாம்னு இருந்தேன். இனிமே எலக்ட்ரானே வேண்டாமாமே, சிப்பெல்லாம் வெளிச்சத்துலயே ஓடுமாமே. நாலு வருஷம் கழிச்சு அந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்குமா?" என்று கேட்டான். எங்கேடா படித்தாய் என்றேன். மூன்று இணைப்புகளை அனுப்பினான். மூன்றும் தமிழ். ஒன்றின் தலைப்பு, 'ஒளியின் வேகத்தில் இயங்கும் கணினி வந்துவிட்டது'. இன்னொன்றில் ஒரு சிப்பின் மேல் நீல நிறக் கதிர்கள் மின்னல்போலப் பாய்கிற படம். மூன்றாவது, 'சிலிக்கானின் காலம் முடிந்தது'.

அந்த மூன்றாவதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அதில் சொல்லியிருந்த ஒளிச் சில்லு (மின்சாரத்துக்குப் பதில் வெளிச்சம் ஓடும் சிப்) சிலிக்கானில்தான் செய்யப்பட்டது. அந்த நீலக் கதிரும் அப்படித்தான். நீல வெளிச்சம் சிலிக்கானுக்குள் போனால் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டுவதற்குள் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். சிலிக்கான் வழிவிடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு. 1310, 1550 நானோமீட்டர் அலைநீளங்கள்தான் இந்தத் தொழிலில் புழக்கம். நான் வேலை செய்யும் மேசையில் எவ்வளவு வெளிச்சம் ஓடினாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மீட்டரில் எண் ஏறும், இறங்கும். அவ்வளவுதான் காட்சி.

பதினொரு வருடமாக இந்தச் சில்லுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகள் வரைந்து தருவதில் வெளிச்சத்தை ஏற்றி, இறக்கி, எவ்வளவு தொலைந்தது என்று கணக்குச் சொல்கிறவன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் உங்கள் செய்திகளில் ஒரே ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தவறிப்போகிறது. ஒளி தரவைச் சுமந்து போகும். அதில் அதற்கு நிகர் கிடையாது. கணக்குப் போடுவது வேறு வேலை. தபால்காரர் வேகமாக வருகிறார் என்பதற்காக அவரைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட முடியாது. இந்த இரண்டையும் பிரித்து எழுதுங்கள் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல்.

முதலில் அந்த 'ஒளியின் வேகம்'. வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், சரி. கண்ணாடி இழைக்குள் வந்தால் 2 லட்சம் ஆகிவிடும். சிலிக்கானில் செதுக்கிய மெல்லிய அலைவழிக்குள் (ஒளி ஓடும் வாய்க்கால்) சமிக்ஞை நகர்வது சுமார் 70,000 கிலோமீட்டர் வேகத்தில்தான். இப்போது கணினியைத் திறந்து அந்தப் பச்சைப் பலகையைப் பாருங்கள். அதன் செம்புத் தடத்தில் மின் சமிக்ஞை நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆக, நம் ஒளிச் சில்லுக்குள் ஒளி போவதைவிடப் பலகைச் செம்பில் மின்சாரச் செய்தி இரண்டு மடங்கு வேகம். எலக்ட்ரான் மெதுவாக நகர்கிறது என்பது உண்மைதான், ஆனால் செய்தியைக் கொண்டுபோவது தனி எலக்ட்ரான் அல்ல. நீர் நிரம்பிய குழாயில் இந்த முனையைத் திறந்தால் அந்த முனையில் உடனே தண்ணீர் வரவில்லையா, அந்த மாதிரி.

அப்படியானால் எதற்கு ஒளி? தூரம் போகும்போது செம்பு சமிக்ஞையைத் தின்றுவிடுகிறது. அதற்காகத்தான். பிட்டுகளை எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோமோ அவ்வளவுக்கு மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியை விட்டுவிட்டு மேல்தோலில் மட்டும் ஓடும். தடை ஏறும், சூடாகும், மறுமுனையில் சத்தம் தேய்ந்து முனகலாகிவிடும். ஒரு கம்பி இணையில் நொடிக்கு 200 கிகாபிட் அனுப்பினால் சாதாரணச் செம்பு கேபிள் ஒன்றிரண்டு மீட்டரில் மூச்சு வாங்கும். கண்ணாடி இழையில் 1550 நானோமீட்டர் ஒளி 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி மிச்சமிருக்கும். மேலும் ஒரே இழையில் பல நிறங்களை ஒன்றாக அனுப்பலாம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஒரே காற்றில்தான் வருகின்றன, காது பிரித்துக் கேட்கவில்லையா? அதே மாதிரி மறுமுனையில் நிறம் நிறமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இது ஏன் இப்போது இவ்வளவு பெரிய பேச்சாகிவிட்டது என்றால், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களில் கணக்குப் போடுவதைவிட எண்களை இங்கிருந்து அங்கே கொண்டுபோவதுதான் செலவு. ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-ல் ஒரு கணக்குக் காட்டினார். இரண்டு எண்களைப் பெருக்க ஆகும் மின்னாற்றலைவிட, அந்த எண்ணை வெளி நினைவகத்திலிருந்து எடுத்துவர நூறு மடங்குக்கு மேல் ஆகிறது. சமையலுக்கு ஒரு ரூபாய், கடைக்குப் போய்வர ஆட்டோவுக்கு நூறு ரூபாய் என்கிற கதை.

இந்த ஆட்டோக் கூலிதான் விஷயம் என்று தொழிலின் பெரிய கைகளே சொல்லிவிட்டன. 2024 மார்ச்சில், ஜிபியு எனப்படும் செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளைச் செய்யும் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் 72 ஜிபியுக்களை ஒரே அடுக்கில் (ஒரு அலமாரிக்குள்) கோத்த இயந்திரத்தைக் காட்டினார். அதன் முதுகில் 5,000 செம்பு கேபிள்கள். ஒளியில் இணைத்திருந்தால் அந்த இணைப்புக்கே 20,000 வாட் கூடுதலாகச் செலவாகியிருக்கும், அதனால் செம்பையே வைத்துக்கொண்டோம் என்றார். இதை யாரும் தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை. அடுத்த வருடம் அதே மனிதர் அதே மேடையில் ஒளி இணைப்பை நேரடியாகச் சிப்பின் பக்கத்திலேயே வைத்த ஸ்விட்சுகளை (கணினிகளுக்கிடையே தரவைத் திருப்பிவிடும் பெட்டிகள்) அறிமுகம் செய்தார். அதை எல்லோரும் எழுதினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஒரே அடுக்குக்குள், கை எட்டும் தூரத்துக்குள் செம்பு மலிவு. அடுக்கு விட்டு அடுக்கு போகும்போது ஒளி மலிவு. எந்த மீட்டரில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதுதான் இந்தத் துறையின் உண்மையான சண்டை. அந்தக் கோடு வருடத்துக்கு வருடம் சிப்பை நோக்கி நகர்ந்துகொண்டே வருகிறது.

அந்த 2025 மேடையில் அவர் சொன்ன கணக்கையும் எழுதிவிடுகிறேன். மின் சமிக்ஞையை ஒளியாக மாற்ற, இப்போது ஸ்விட்சின் முகப்பில் சொருகுகிற ஒளி மாட்யூல் ஒன்று சுமார் 30 வாட் எடுக்கும். ஒரு ஜிபியுவுக்கு ஆறு மாட்யூல் வேண்டியிருந்தால் 180 வாட். பத்து லட்சம் ஜிபியு வைத்தால் 180 மெகாவாட். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஒரு யூனிட் 210 மெகாவாட். ஆக ஒரு யூனிட்டில் பெரும்பகுதி தபால் செலவுக்கே போய்விடும். ஏன் 30 வாட்? லேசர் ஒரு பங்குதான். ஸ்விட்ச் சிப்பிலிருந்து முகப்பு வரை பலகையில் ஒரு சாண், இரண்டு சாண் தூரம் செம்பில் ஓடிவந்து நைந்துபோன சமிக்ஞையைத் தூக்கி நிறுத்தவே மாட்யூலுக்குள் தனியாக ஒரு சிப் உட்கார்ந்து உழைக்கிறது. ஒளி இணைப்பைச் சிப்பின் பக்கத்திலேயே வைத்துவிட்டால் அந்தச் சாண் தூரம் போய்விடும், அந்தச் சிப்பின் வேலையும் போய்விடும். மூன்றரை மடங்கு மின் சிக்கனம் என்பது அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு. விற்கிறவர் சொல்லும் எண்ணை அவர் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள்.

இது ஒளியின் நல்ல பக்கம், மனதாரச் சொல்கிறேன். இனிக் கணக்குப்பிள்ளை விஷயத்துக்கு வருவோம்.

இரண்டு டார்ச் லைட்டுகளை எடுத்து வெளிச்சம் குறுக்கே போகிற மாதிரி அடித்துப் பாருங்கள். ஒன்று மற்றொன்றை முட்டாது, தடுக்காது, வளைக்காது. தன் வழியே போய்விடும். தபால்காரருக்கு இதைவிட நல்ல குணம் என்ன வேண்டும்? நூறு பேர் ஒரே தெருவில் போனாலும் இடித்துக்கொள்வதில்லை. ஆனால் கணக்கு என்பதே இடித்துக்கொள்வதுதான். 'இது இருந்தால் அதை நிறுத்து' என்று ஒரு சமிக்ஞை இன்னொன்றை அடக்க வேண்டும். டிரான்சிஸ்டர் செய்வது அதைத்தான். ஒளியை ஒளியால் அடக்க வேண்டுமானால் நடுவில் ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருளும் பலமான வெளிச்சத்துக்குத்தான் அசைந்துகொடுக்கும். ஒரு டிரான்சிஸ்டர் சொடுக்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

நினைவகமும் இல்லை. எலக்ட்ரானை ஒரு சின்னக் குழியில் அடைத்து வைக்கலாம். ஒளியை உட்காரச் சொன்னால் உட்காராது. சுற்றிச் சுற்றி ஓடவிடலாம், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேயும்.

அப்புறம் உருவம். 1550 நானோமீட்டர் ஒளி சிலிக்கானுக்குள் சுருங்கி சுமார் 445 நானோமீட்டர் அலைநீளம் ஆகும். அதனால் அலைவழியை 450, 500 நானோமீட்டர் அகலத்துக்குக் கீழே குறைத்தால் ஒளி வெளியே வழியத் தொடங்கும். நாங்கள் 'ரிங்' என்று சொல்கிற, ஒரு நிறத்தை மட்டும் பிடிக்கும் வளைய வடிகட்டிதான் ஒளிச் சில்லில் ஆகச் சின்ன உறுப்புகளில் ஒன்று. அதன் விட்டம் பத்து மைக்ரான் அளவு. இன்றைய முன்னணிச் சிப்பில் அந்த இடத்தில் பத்தாயிரம் டிரான்சிஸ்டர் உட்காரும்.

இதெல்லாம் நேற்று தெரிந்த விஷயம் இல்லை. ஐ.பி.எம்.மில் இருந்த ராபர்ட் கீஸ் 1985-லேயே, கணினிக்கு நல்ல உறுப்பு என்றால் என்னென்ன குணம் வேண்டும் என்று எழுதி, ஒளி உறுப்புகள் ஏன் அதில் தேறவில்லை என்றும் காட்டினார். 1990 ஜனவரியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் ஆலன் ஹுவாங் குழு ஒளியால் இயங்கும் கணக்கியை உலகுக்குக் காட்டியது. அன்றும் செய்தித்தாள்கள் இதே மாதிரிதான் எழுதின. அந்த இயந்திரத்துக்குள் இருந்த ஒளிச் சொடுக்கிகள் டேவிட் மில்லர் என்பவர் பெல் ஆய்வகத்தில் முன்னின்று உருவாக்கியவை. அதே மில்லர் பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், 2010-ல், ஒளி டிரான்சிஸ்டர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் தாண்டவேண்டிய நிபந்தனைகளை வரிசையாக எழுதினார். ஒரு உறுப்பின் வெளியீடு அடுத்த உறுப்பை இயக்கப் போதுமா? இரண்டு உறுப்புகளை இயக்கப் போதுமா? தேய்ந்துபோன சமிக்ஞையை ஒவ்வொரு படியிலும் பழைய நிலைக்குத் தூக்கிவிடுமா? சொந்தக் கையால் அந்தச் சொடுக்கியைச் செய்த மனிதர் இதை எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியம். அவர் ஒளியை வெறுத்தவர் இல்லை. சிப்புகளுக்கிடையில் ஒளிதான் வழி என்று இன்றும் வாதாடுகிறவர் அவர்தான்.

ஒரு வகைக் கணக்கு மட்டும் விதிவிலக்கு, அதை மறைத்தால் நானும் உங்களைப் போலவே ஒரு பக்கம் எழுதினவன் ஆவேன். பெருக்கிக் கூட்டுவது. ஒளி ஒரு கண்ணாடியைத் தாண்டும்போது அதில் எவ்வளவு விட வேண்டும் என்பதை வைத்தால் பெருக்கல் ஆயிற்று. பல கதிர்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் கூட்டல் ஆயிற்று. லென்ஸ் இதைச் சும்மா நின்றுகொண்டே செய்யும். அறுபதுகளில் அமெரிக்காவில் ரேடார் பதிவுகளைப் படமாக்கியது லென்ஸ்கள்தான், கணினி அல்ல. எழுபதுகளின் கடைசியில் டிஜிட்டல் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. செயற்கை நுண்ணறிவு என்கிற பெயரில் இன்று நடப்பதில் பெரும்பங்கு இதே பெருக்கிக் கூட்டும் வேலை என்பதால் பழைய ஆசை மறுபடி துளிர்த்திருக்கிறது.

2017-ல் எம்.ஐ.டி. குழு ஒன்று 56 இன்டர்ஃபெரோமீட்டர்கள் (ஒளியைப் பிரித்துச் சேர்க்கும் உறுப்புகள்) கொண்ட சிலிக்கான் ஒளிச் சில்லை வைத்து, பேச்சில் வரும் உயிர் ஒலிகளைப் பிரித்தறியச் செய்தது. சரியாகச் சொன்னது நூற்றுக்கு 76.7. அதே வேலையைச் சாதாரணக் கணினி செய்தபோது 91.7. அந்தக் கட்டுரையிலேயே இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் பார்த்த செய்திகளில் இரண்டாவது எண் வரவே இல்லை.

அந்த ஆய்விலிருந்து கிளைத்த நிறுவனங்களில் ஒன்று லைட்மேட்டர். 2025 ஏப்ரலில் அவர்கள் நேச்சர் இதழில் வெளியிட்டது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். செயற்கை நுண்ணறிவில் பெயர் பெற்ற நரம்பு வலைப்பின்னல்களை ஒளிச் செயலியில் ஓட்டி, துல்லியத்திலும் சாதாரணச் சிப்புக்கு அருகில் வந்துவிட்டார்கள். தொப்பியைக் கழற்றுகிறேன். ஆனால் கட்டுரைச் சுருக்கத்திலேயே இருக்கிற ஒரு வரியைப் பாருங்கள்: செயலி எடுத்துக்கொண்டது 78 வாட் மின்சாரம், 1.6 வாட் ஒளி. 'ஒளிக் கணினி' என்று நீங்கள் தலைப்பு போட்ட இயந்திரத்தில் ஒளி ஐம்பதில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் நம் பழைய எலக்ட்ரான்.

அந்த 78 வாட் எங்கே போகிறது என்பது அலுவலகம் ஏறி இறங்கிய எல்லோருக்கும் புரியும். உள்ளே கையெழுத்துப் போடுவது ஒரு நொடி. அதற்கு முன்னால் மனுவை நோட்டரியிடம் கொண்டுபோய், நகல் எடுத்து, முத்திரை குத்தி, அப்புறம் வெளியே வந்து மறுபடி பதிவு செய்து... கணினியிலிருக்கும் எண் டிஜிட்டல். அதை ஒளியின் அளவாக மாற்ற ஒரு மாற்றி. பெருக்கிக் கூட்டி வந்த ஒளியை மறுபடி எண்ணாக்க இன்னொரு மாற்றி. இந்த மாற்றிகள் துல்லியத்துக்குத் தகுந்த மாதிரி விலை கேட்கும், ஒரு பிட் கூடினால் செலவு குதிக்கும். இதற்கு நடுவே நினைவகம், கட்டுப்பாடு எல்லாம் டிரான்சிஸ்டர்தான். பெரிய அணிகளை, அதாவது எண் கட்டங்களை, பெருக்கினால் இந்த வாசல் செலவு பலருக்குப் பங்காகி இறங்கும். சின்ன வேலைக்கு வாசலிலேயே பணம் தீர்ந்துவிடும். லைட்மேட்டரே இன்று அதிகம் பேசுவது கணக்கிடும் சில்லைப் பற்றி அல்ல, சிப்புகளை ஒளியால் இணைக்கும் தன் பொருளைப் பற்றி. கணக்குப்பிள்ளையாக வேலைக்கு வந்தவர் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார் என்று நான் இதைப் படிக்கிறேன்.

இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. 2015-ல் பெர்க்லி, எம்.ஐ.டி., கொலராடோ ஆய்வாளர்கள் சேர்ந்து, நினைவகத்தோடு ஒளியால் பேசும் ஒரு நுண்செயலியைச் செய்தார்கள். ஒரே சில்லில் 7 கோடி டிரான்சிஸ்டர்கள், 850 ஒளி உறுப்புகள். ஏழு கோடிக்கு எண்ணூற்றைம்பது. யார் எந்த வேலைக்கு என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 28 வந்தால் நீங்கள் எல்லோரும் சர் சி.வி. ராமனைப் பற்றி எழுதுவீர்கள். திருச்சியில் பிறந்தது, மாநிலக் கல்லூரி, கப்பல் பயணம், கடல் ஏன் நீலம். அடுத்த தடவை இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கானால் தானாக நல்ல வெளிச்சம் தர முடியாது. அதன் எலக்ட்ரான்கள் கீழே இறங்கும்போது ஆற்றலை ஒளியாக விடாமல் படிகத்தின் அதிர்வாக, சூடாக விட்டுவிடும். ஆகவே சிலிக்கானில் லேசர் என்பது ரொம்ப நாள் நடக்காத கனவு. 2004-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பஹ்ராம் ஜலாலியும் ஓஸ்டால் போய்ராஸும் துடிப்புத் துடிப்பாக ஒளிரும் சிலிக்கான் லேசரைச் செய்தார்கள். அடுத்த வருடம் இன்டெல் ஆய்வாளர்கள் விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து ஒளிரவைத்தார்கள். இரண்டுக்கும் அடிப்படை ராமன் விளைவு. 1550 நானோமீட்டரில் ஒளியை உள்ளே அனுப்பினால், சிலிக்கான் அணுக்களின் அதிர்வு அதில் ஒரு பங்கைப் பறித்துக்கொண்டு 1686 நானோமீட்டரில் வெளியே விடும். 1928-ல் கல்கத்தாவில் கண்டது, 77 வருடம் கழித்து ஒரு சில்லுக்குள் லேசராக வந்து நின்றது. இதைப் படித்த நாளில் நான் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் புரிந்தது, அந்த 1550 நானோமீட்டரை உள்ளே அனுப்பவே வெளியிலிருந்து ஒரு லேசர் வேண்டும் என்று. விளக்கு ஏற்ற இன்னொரு விளக்கு. அதனால் அது சந்தைக்கு வரவில்லை. இன்று வரை நடைமுறையில் இருப்பது இண்டியம் பாஸ்பைடு மாதிரியான வேறு பொருளில் லேசரைச் செய்து சிலிக்கானோடு ஒட்டுவது. இன்டெலும் சாண்டா பார்பராவில் ஜான் பவர்ஸ் குழுவும் 2006-ல் இதைச் செய்து காட்டினார்கள். 2016-ல் இன்டெல் 100 கிகாபிட் ஒளி மாட்யூல்களைச் சந்தைக்கு அனுப்பியது. ஆய்வகத்திலிருந்து கடைக்கு வரப் பத்து வருடம். 2023-ல் அந்த மாட்யூல் வியாபாரத்தையே ஜேபில் என்கிற நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. தொழில்நுட்பம் தோற்றதால் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். இதில் லாபம் மெல்லியது, போட்டி கடுமையானது என்பது இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

லேசருக்கு இன்னொரு வீம்பு உண்டு: சூட்டைத் தாங்காது. நூற்றுக்கணக்கான வாட் எடுக்கும் சிப்பின் பக்கத்தில் அதை வைத்தால் ஆயுள் குறையும். அதனால் புதிய ஸ்விட்சுகளில் லேசரை மட்டும் தனியாக முன்பக்கம், கெட்டால் கழற்றி மாட்டுகிற மாதிரி வைக்கிறார்கள்.

சூடு என்றதும் என் மேசை நினைவுக்கு வந்துவிட்டது. முன்னே சொன்ன ரிங், ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் அதன் நிறம் 0.07, 0.08 நானோமீட்டர் நகரும். கேட்க ஒன்றுமில்லாத எண். ஆனால் அது பிடிக்கிற நிறப்பட்டையின் அகலமே இரண்டு டிகிரியில் தாண்டிவிடும் அளவுதான். ஆகவே ஒவ்வொரு ரிங்குக்கும் தலைமேல் ஒரு குட்டி ஹீட்டர் வைத்து, எப்போதும் கொஞ்சம் சூடாகவே வைத்து, ஏற்றி இறக்கிக் கட்டுப்படுத்துகிறோம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்த சில்லில் அடுப்பு எரித்துக்கொண்டிருக்கிறோம் என்று எங்களுக்குள் கிண்டல் உண்டு.

அதைவிடப் பெரிய பாடு இழையைச் சில்லோடு ஒட்டுவது. இழையின் நடுவே ஒளி ஓடும் பகுதி 9, 10 மைக்ரான். சில்லில் அலைவழி அரை மைக்ரான் அகலம், கால் மைக்ரானுக்கும் குறைவான உயரம். குடத்துத் தண்ணீரை ஊசிக் காதில் ஊற்றுகிற வேலை. சில்லின் ஓரத்தில் அலைவழியைக் கூம்பாக்கி, இழையின் முனையில் லென்ஸ் வைத்து, இரண்டையும் ஓரளவுக்குச் சமமாக்கிக்கொள்வோம். அப்புறம் ஆறு திசையில் நகரும் மேடையில் இழையைப் பிடித்து, நுண்ணோக்கியில் ஒரு கண், மீட்டரில் ஒரு கண். மைக்ரானில் பத்தில் ஒரு பங்காக நகர்த்துவோம். எண் ஏறும், உச்சம் தொடும், இறங்கும். உச்சத்துக்குத் திரும்ப வருவோம். ஒரு துளி பசை வைத்து புற ஊதா விளக்கைக் காட்டுவோம். பசை இறுகும்போது சுருங்கும். சுருங்கினால் இழுக்கும்.

ஒரு நாள் மதியம் ஒரே சில்லோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எண் உச்சத்தில் நின்றது. பசையும் வைத்தாயிற்று, விளக்கும் போட்டாயிற்று. யாரோ சாப்பிட்டுவிட்டு வந்து கதவை அறைந்து சாத்தினார்கள். இழை ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் நகர்ந்திருக்க வேண்டும்; நுண்ணோக்கியில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மீட்டரில் மூன்று டெசிபல் இறங்கியது. பாதி வெளிச்சம் போயிற்று. பசை இறுகிவிட்டதால் அந்தச் சில்லைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இன்று இதைச் செய்ய இயந்திரங்கள் வந்துவிட்டன, நாங்கள் செய்ததைவிட நன்றாகவே செய்கின்றன. ஆனாலும் ஒரு ஒளி மாட்யூலின் விலையில் பெரிய பங்கு சில்லைச் செய்வதில் இல்லை, இப்படிக் கோப்பதிலும் சோதிப்பதிலும்தான் இருக்கிறது. ஒரு சிப்பின் பக்கத்தில் பல பத்து இழைகள் ஒட்ட வேண்டிய காலம் இது. அதில் ஒன்று கெட்டாலும் முழு ஸ்விட்சும் நின்றுபோகலாம். செம்பு கேபிள் கெட்டால் பிடுங்கி வேறு ஒன்று சொருகலாம். வாடிக்கையாளர்கள் ஒளி இணைப்பைச் சிப்பின் பக்கத்தில் ஏற்கத் தயங்குவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பயம்தான்.

இதையெல்லாம் ஒரே செய்தியில் எழுத முடியாது, தெரியும். உங்களுக்கு மூன்று நிமிடம், முந்நூறு வார்த்தை. ஆங்கிலச் செய்திக்குறிப்பு காலையில் வரும், மதியத்துக்குள் போட வேண்டும். நான் கேட்பது கொஞ்சம்தான். அடுத்த முறை 'ஒளிச் சில்லு' என்று ஒன்று வந்தால், அது சுமக்கிறதா, கணக்குப் போடுகிறதா என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ஆயிரம் மடங்கு சிக்கனம் என்று எழுதியிருந்தால், அது ஒளிப் பகுதிக்கு மட்டுமா, மாற்றிகளும் லேசரும் ஹீட்டரும் சேர்த்தா என்று பாருங்கள். பெரும்பாலும் மூலக் கட்டுரையின் சுருக்கத்திலேயே பதில் இருக்கும், அந்த 78 வாட் இருந்த மாதிரி. அந்த நீலக் கதிர் படத்துக்கு மட்டும் தயவுசெய்து ஓய்வு கொடுங்கள்.

'சிலிக்கானின் காலம் முடிந்தது' என்பதை ஒரு பதினேழு வயதுப் பையன் படித்துவிட்டு கவுன்சலிங் வரிசையில் வேறு கட்டம் நிரப்புகிறான். அவனுக்கு நான் சொன்னது இதுதான். ஒளிச் சில்லின் பக்கத்தில் அதை இயக்குகிற ஒரு மின்னணுச் சிப் இல்லாமல் நான் இதுவரை ஒன்றைக்கூடச் சோதித்ததில்லை. அந்த இயக்கிச் சிப்பை வடிவமைக்கத் தெரிந்தவர்களைத்தான் எல்லா இடத்திலும் தேடுகிறார்கள், ஒளி தெரிந்த வி.எல்.எஸ்.ஐ. ஆள் கிடைப்பது அரிது. சென்னை ஐ.ஐ.டி.யில் சிலிக்கான் போட்டானிக்ஸுக்கென்றே (சிலிக்கானில் ஒளியை ஓட்டும் துறை) ஒரு உயர் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே நடப்பதை இணையத்தில் தேடிப் படி என்றும் சொன்னேன். அவன் வி.எல்.எஸ்.ஐ.யையே முதல் விருப்பமாகப் போட்டுவிட்டான். போன வாரம் மறுபடி போன். "மாமா, ஒளி தெரியணும்னா ஃபிசிக்ஸ்ல எந்தப் பாடத்த ஒழுங்கா படிக்கணும்?"

நீங்கள் யாராவது இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அனுமதி வாங்கித் தர முயற்சி செய்கிறேன். கேமரா கொண்டு வரலாம், ஆனால் படம் பிடிக்க மீட்டரின் எண்ணைத் தவிர ஒன்றும் இருக்காது. வரும்போது கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள்.

அன்புடன்,
சோதனை மேசையிலிருந்து ஒரு பொறியாளர்